சி.பி. பாயிண்டும் அஞ்சு கோழிக்குஞ்சும்

போன கார்த்திகை மாசம் சென்னையிலிருந்து அக்கா மகன் குடும்பத்தோட ஊருக்கு வந்திருந்தான். தாணுமாலயனைக் கும்பிட்டுட்டு மறுநாள் குமரிக்குப் போறதா ஏற்பாடு. காலையில காரை ஸ்டார்ட் பண்ணினா எஞ்சின் ஒரே குலுக்கம். டேஷ்போர்டுல ஒரு மஞ்சள் விளக்கு எரியுது. பானெட்டைத் தூக்கினான். உள்ளே மேலாப்புல ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடி, அதுல கம்பெனி பேரு. அவ்வளவுதான். எஞ்சின் எங்கே இருக்குன்னே தெரியல.

"மாமா, அந்தக் காலத்துல எஞ்சினை வீட்டுலயே டியூன் பண்ணுவாங்கன்னு அம்மா சொல்லுவாங்களே, நெஜமா?"ன்னு கேட்டான்.

நெஜம்தான். ஆனா அதுக்கு ரெண்டு வார்த்தையில பதில் சொல்ல முடியாது. அவன்கிட்ட அன்னைக்குச் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதறேன். நான் மெக்கானிக் இல்ல, விவசாயி. பத்தாங்கிளாஸோட படிப்பு முடிஞ்சுது. ஆனா சின்ன வயசுல ஒரு அம்பாசடர் காருக்குப் பக்கத்துல ஸ்பேனர் எடுத்துக் குடுத்தே வளர்ந்தவன்.

எங்க ஊர் சுசீந்திரம், நாகர்கோவில்லேருந்து கன்னியாகுமரி போற பாதையில இருக்கு. பழையாத்துப் பாலம் தாண்டினதும் கோயில் கோபுரம் தெரியும். 1956 நவம்பர் 1 வரைக்கும் இது திருவிதாங்கூர்க்காரங்க ஆட்சிப் பகுதி. திருவிதாங்கூர் அரசாங்கமே பஸ் விட ஆரம்பிச்சது 1938 பிப்ரவரி 20-ஆம் தேதி. லண்டன் போக்குவரத்துக் கழகத்துல வேலை பார்த்த சால்ட்டர்ங்கிற இங்கிலீஷ்காரரைக் கூட்டிட்டு வந்து அவர் பொறுப்புல விட்டாங்க. சேஸிஸ் இங்கிலாந்துலேருந்து வந்த காமர். எஞ்சின் பெர்கின்ஸ் டீசல். பாடி மட்டும் திருவனந்தபுரத்துலயே கட்டினது.

இதுல எங்க ஊருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. கோயிலைச் சுத்தின தெருக்கள்ல எல்லாரும் நடக்கணும்னு 1926-லயும் 1930-லயும் இங்கே சத்தியாகிரகம் நடந்திருக்கு. ஆலயப் பிரவேச விளம்பரம் வந்தது 1936 நவம்பர் 12. அரசாங்க பஸ் வந்தது அதுக்கு ஒன்றே கால் வருசம் கழிச்சு. தெருவுல நடக்கவே உரிமை கேட்டுப் போராடின ஊர்ல, டிக்கெட் எடுத்தவன் எவனா இருந்தாலும் பக்கத்துல உக்காரலாம்னு ஒரு வண்டி வந்ததை எங்க பாட்டா பெரிய அதிசயமாச் சொல்லுவாரு. எஞ்சின் எப்படி ஓடுதுன்னு அவருக்குத் தெரியாது. ஆனா அது ஓடினதுல என்ன மாறிச்சுன்னு தெரியும்.

பாட்டா சொல்லுற இன்னொரு கதை கரி பஸ். ரெண்டாம் உலகப் போர்ல பெட்ரோலுக்குப் பெரும் பஞ்சம். 1942-ல பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போனதும், அங்கேயிருந்து வந்துட்டிருந்த எண்ணெயும் நின்னுபோச்சு. பெட்ரோலுக்கு ரேஷன். அப்ப மதுரையில டி.வி. சுந்தரம் அய்யங்கார் கம்பெனி ஒரு கேஸ் பிளாண்ட் செஞ்சு வித்தாங்க. பஸ்ஸுக்குப் பின்னால ஆளுயரத்துக்கு ஒரு இரும்பு உருளை. அதுக்குள்ள மரக்கரியைப் போட்டு, முழுசா எரியாத அளவுக்குக் கொஞ்சமாக் காத்து விடுவாங்க. கரி அரைகுறையா எரிஞ்சா கார்பன் மோனாக்சைடுங்கிற வாயு வரும். அதை வடிகட்டி, ஆறவெச்சு, எஞ்சினுக்கு விட்டா பெட்ரோலுக்குப் பதிலா அது எரியும்.

கிளீனர் பையன் விடியக்காலம் எந்திரிச்சு உருளையில தீ மூட்டி, காத்தாடியைச் சுத்திச் சுத்தி வாயு வரவைக்கணும். டிரைவர் ஓட்டும்போதே ஒரு கையால காத்தைக் கூட்டிக் குறைச்சு, எஞ்சின் சத்தத்தைக் கேட்டுச் சரி பண்ணிட்டே போகணும். ஏத்தம் வந்தா ஆளுங்க இறங்கி நடக்கணும். யோசிச்சுப் பார்த்தா, ஓடுற வண்டியிலயே நாள் பூரா டியூன் பண்ணினவங்க அவங்கதான். அந்த வாயுவோட பேரை மட்டும் ஞாபகத்துல வச்சுக்கோங்க. கார்பன் மோனாக்சைடு. இந்தக் கதையில அது திரும்ப வரும்.

நம்ம பக்கத்துல எஞ்சினைப் பிரிச்சுப் பார்க்குற துணிச்சலுக்கு ஒரு பேரு சொல்லணும்னா கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடுதான். 1893-ல கலங்கல்ங்கிற கிராமத்துல பொறந்தவர். பள்ளிக்கூடத்துல பெருசா நிக்கல. ஒரு வெள்ளைக்கார அதிகாரியோட மோட்டார் சைக்கிளைப் பார்த்து மனசைப் பறிகொடுத்து, ஹோட்டல்ல வேலை செஞ்சு பணம் சேர்த்து, அதையே வாங்கிட்டாரு. வாங்கினதும் ஊரைச் சுத்தல. முழுசாப் பிரிச்சுப் போட்டு, ஒவ்வொரு பாகமும் என்ன வேலை செய்யுதுன்னு பார்த்து, திரும்ப மாட்டினாரு. 1920-ல பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவுல ஒரு பஸ்ஸை ஓட்ட ஆரம்பிச்சு, பிறகு யு.எம்.எஸ். கம்பெனியா அதைப் பெருசாக்கினாரு. எழுத்தை விட இரும்பை நல்லாப் படிச்ச மனுசன். எங்க சித்தப்பாவுக்கு அவர் மேல அப்படி ஒரு பக்தி.

சித்தப்பா டாக்சி ஓட்டினாரு. 1970-ல விவேகானந்தர் பாறை மண்டபம் திறந்ததும் குமரிக்குக் கூட்டம் கூடிச்சு. 1979-ல ரயிலும் வந்துச்சு. ரயில்ல வந்து இறங்குறவங்களைச் சுசீந்திரம், வட்டக்கோட்டை, பத்மநாபபுரம் அரண்மனைன்னு சுத்திக் காட்ட டாக்சிக்கு நல்ல கிராக்கி. பழைய மார்க் டூ அம்பாசடர் ஒண்ணை வாங்கி வீட்டுத் தொழுத்தை ஒட்டின ஷெட்டுல நிறுத்தியிருந்தாரு. அது முன்னால எங்க வில்வண்டி நின்ன ஷெட்டு. ஒரு பக்கம் மாடு, ஒரு பக்கம் காரு.

அம்பாசடரைப் பத்தி ரெண்டு வார்த்தை. இங்கிலாந்து மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூணாவது சீரிஸ் காரை அப்படியே கொண்டுவந்து, 1958-லேருந்து கல்கத்தா பக்கம் உத்தர்பாராவுல இந்துஸ்தான் மோட்டார்ஸ் செஞ்ச வண்டி. கொஞ்ச நாள்லயே 1489 சி.சி. பி.எம்.சி. எஞ்சின் போட்டாங்க. 2014 மே மாசம் வரைக்கும் அந்தக் கார் வந்துட்டிருந்தது. பானெட்டைத் தூக்கினா எஞ்சினைச் சுத்தி ஒரு பொம்பளைப்பிள்ளை பாவாடை விரிச்சு உக்காரலாம், அவ்வளவு இடம். எது எங்கே இருக்குன்னு கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். வீட்டுல வச்சு டியூன் பண்ண முடிஞ்சதுக்கு முதல் காரணம் அந்த இடம்தான்.

ரெண்டாவது காரணம், பண்ணாம விட முடியாது. பெட்ரோல் எஞ்சின்ல பிளக்குல பொறி விழணும். அந்தப் பொறியைச் சரியான நேரத்துல விழவைக்க டிஸ்ட்ரிபியூட்டர்னு ஒண்ணு. அதுக்குள்ள சி.பி. பாயிண்ட். மூடித் திறக்குற ரெண்டு சின்ன உலோகக் குமிழ். திறக்குற நொடியில காயில்லேருந்து பல ஆயிரம் வோல்ட் பிளக்குக்குப் பாயும். அமெரிக்காவுல சார்லஸ் கெட்டரிங்ங்கிறவர் 1910 வாக்குல கொண்டுவந்த ஏற்பாடு இது. அதே ஆளு செஞ்ச மின்சார ஸ்டார்ட்டர்தான் 1912 கெடிலாக் கார்ல வந்து, கைப்பிடி போட்டுச் சுத்துற வேலையைக் குறைச்சது.

அந்தப் பாயிண்ட் ஒவ்வொரு பொறிக்கும் கொஞ்சம் கருகும், கொஞ்சம் தேயும். நாலு சிலிண்டர் எஞ்சின் நிமிசத்துக்கு 3000 சுத்து ஓடினா, பாயிண்ட் 6000 தடவை திறந்து மூடணும். சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடினதும் இடைவெளி மாறிரும். இடைவெளி மாறினா பொறி விழுற நேரம் மாறும். நேரம் மாறினா இழுவை குறையும், பெட்ரோல் குடிக்கும். டாக்சிக்காரனுக்கு அது நேரா வயித்துல அடி. ஒவ்வொரு தடவையும் ஒர்க்‌ஷாப்புக்குக் குடுக்கக் காசு இல்ல. அதனால ஞாயித்துக்கிழமை காலை வீட்டு முத்தத்துல டியூனிங்.

முதல்ல வால்வு. அதுக்கு "ஒன்பது கணக்கு"ன்னு பேரு. எஞ்சின்ல எட்டு வால்வு. எட்டாம் நம்பர் வால்வு முழுசாத் திறந்து நிக்கும்போது ஒண்ணாம் நம்பரைச் சரி பண்ணணும். ஆறு திறந்திருந்தா மூணு. ரெண்டையும் கூட்டினா எப்பவும் ஒன்பது வரணும். இடைவெளி 15 தௌ, அதாவது ஒரு அங்குலத்தை ஆயிரம் பங்கு போட்டா அதுல 15 பங்கு. ஃபில்லர் கேஜ்னு மெல்லிய தகடுக் கட்டு இருக்கும். அதுல 15-ஆம் தகட்டை உள்ளே விட்டா, நனைஞ்ச காகிதத்தை ரெண்டு விரலுக்கு நடுவுல இழுக்குற மாதிரி லேசாப் பிடிக்கணும். எனக்கு அந்தப் பிடி கைக்கு வர ஒரு வருசம் ஆச்சு.

அடுத்தது பாயிண்ட். உப்புத்தாள் வச்சு லேசாத் தேய்ச்சு, அதையும் 15 தௌ வைக்கணும். பிளக்கைக் கழட்டி நிறம் பார்க்கணும். பிஸ்கெட் நிறத்துல இருந்தா எஞ்சின் சுகமா இருக்கு. கறுத்துக் கரி படிஞ்சிருந்தா பெட்ரோல் கூடுதல். வெளுத்துப் போயிருந்தா காத்து கூடுதல், எஞ்சின் சூடாகுது. பிளக் இடைவெளி 25 தௌ. வயரை மாத்தி மாட்டினா வெடிச்சுத் துப்பும். அதனால வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் பண்ண வச்சாரு: ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு. பொறி விழுற வரிசை.

பிறகு டைமிங். ஒரு 12 வோல்ட் பல்பு, ரெண்டு வயர். ஒரு வயர் டிஸ்ட்ரிபியூட்டர் முனையில, இன்னொண்ணு பாடியில. எஞ்சினை அதோட குறியில நிறுத்திட்டு, சாவியைப் போட்டு, டிஸ்ட்ரிபியூட்டரை மெள்ளத் திருப்பினா பாயிண்ட் திறக்குற நொடியில பல்பு எரியும். அங்கேயே இறுக்கிடணும். இதை ரொம்ப முன்னால வச்சா எஞ்சின் 'டிக் டிக்'னு தட்டும். ரொம்பப் பின்னால வச்சா இழுக்காது. கடைசிப் பரீட்சை ஆரல்வாய்மொழியில. அந்தக் கணவாய்க் காத்து உங்களுக்குத் தெரியும், காத்தாலைக் காடே அங்கேதான் இருக்கு. அந்த எதிர்க்காத்துல டாப் கியர்ல மிதிச்சா லேசா ஒரு தட்டு கேட்டு உடனே மறையணும். "அதுதான் கணக்கு, கேட்டியா?"ம்பாரு சித்தப்பா. மலை இல்லாத ஊர்க்காரனுக்குக் காத்துதான் மலை.

டைமிங் முன்னால போனா வேற ஒரு ஆபத்தும் உண்டு. பேட்டரி இறங்கினா அம்பாசடருக்கு முன்னால கைப்பிடி போட்டுச் சுத்தலாம். டைமிங் தப்பா இருந்தா எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைக்கும். கட்டைவிரலைச் சுத்திப் பிடிச்சிருந்தா மணிக்கட்டு போச்சு. அதனால கட்டைவிரலையும் மத்த நாலு விரலோட ஒரே பக்கமா வச்சுத்தான் பிடிக்கணும், கீழேருந்து மேலே இழுக்கணும். எனக்கு அவர் சொல்லித் தந்த முதல் பாடமே இதுதான். ரெண்டாவது, எஞ்சின் ஓடும்போது துவர்த்தைத் தோள்ல போடாதே. ஃபேன் பெல்ட்டு துவர்த்தோட ஆளையும் இழுக்கும்.

இவ்வளவு தெரிஞ்ச மனுசன் ஒரு நாள் தப்புப் பண்ணினாரு.

1985 ஐப்பசி. நான் பத்தாங்கிளாஸ். சாயங்காலம் நல்ல மழை. மறுநாள் விடியக்காலம் திருச்செந்தூருக்கு ஒரு சவாரி. எஞ்சின் ஐடிலிங்ல நிக்கவே மாட்டேங்குது. சாரல் உள்ளே அடிக்குதுன்னு ஷெட்டு ரெண்டு கதவையும் சாத்திட்டு, சோக்கை இழுத்துவிட்டு ஸ்டார்ட் பண்ணினாரு. கார்புரேட்டர்ல ஸ்குருவை அரைச் சுத்து உள்ளே, கால் சுத்து வெளியேன்னு திருகிட்டே காதைக் குடுத்துக் கேட்டுட்டிருந்தாரு. நான் டார்ச் பிடிச்சேன். அரை மணி நேரம் இருக்கும். எனக்கு நெத்தி ரெண்டு பக்கமும் விண்ணுவிண்ணுன்னு தெறிச்சுது. மதியம் வெயில்ல விளையாடினதுன்னு நினைச்சேன். பிறகு குமட்டல். சொன்னா ஏசுவாரோன்னு சொல்லல. அவரும் ஒண்ணும் பேசல. ஸ்குரு டிரைவரைக் கீழே போட்டாரு. குனிஞ்சு எடுக்கப் பார்த்தாரு, முடியல. எனக்குச் சிரிப்பு வந்தது ஞாபகம் இருக்கு.

மூலையில பஞ்சாரத்துக்குள்ள ஒரு தாய்க்கோழியும் குஞ்சுகளும் கிடந்துச்சு. மழைக்கு அடுக்களைப் பக்கம் எடுத்து வைக்கலாம்னு அம்மை வந்து கதவைத் திறந்தா. பஞ்சாரத்தைத் தூக்கிப் பார்த்து, "எலே, குஞ்செல்லாம் செத்துக் கிடக்கே!"ன்னு சத்தம் போட்டா. அஞ்சு குஞ்சு. அப்புறம்தான் எங்களைப் பார்த்தா. சித்தப்பா மட்கார்டு மேல குப்புறச் சாஞ்சு கிடந்தாரு. தூங்குறாருன்னு நான் நினைச்சிட்டிருந்தேன். அம்மையும் அப்பாவுமா எங்களை மழையில இழுத்துப் போட்டாங்க. நாகர்கோவில் ஆஸ்பத்திரியில ராத்திரி பூரா சித்தப்பாவுக்கு ஆக்சிஜன் வச்சாங்க. பிழைச்சாரு. ஒரு வாரத்துக்கு ஆளுங்க பேரை மறந்து மறந்து கேட்டாரு.

அந்தக் கோழிக்குஞ்சு கதைக்கு ஒரு சரித்திரம் உண்டுன்னு ரொம்ப வருசம் கழிச்சுத்தான் படிச்சேன். இங்கிலாந்துல நிலக்கரிச் சுரங்கங்கள்ல வெடி விபத்து நடந்தா, வெடியில செத்தவங்களை விட அதுக்குப் பிறகு வர்ற வாயுவுல செத்தவங்க அதிகம். ஜே.எஸ். ஹால்டேன்ங்கிற விஞ்ஞானி 1890-கள்ல அதை ஆராய்ஞ்சு, கார்பன் மோனாக்சைடுதான் காரணம்னு காட்டினாரு. சுண்டெலி, சின்னப் பறவை மாதிரி உயிர்களுக்கு மூச்சும் ரத்த ஓட்டமும் வேகம். அதனால மனுசனுக்கு முன்னால அதுங்க விழும், கூடக் கொண்டு போங்கன்னு சொன்னாரு. அப்படித்தான் சுரங்கத்துக்குள்ள கேனரிக் குருவிக் கூண்டு போச்சு. எங்க வீட்டுல யாரும் திட்டம் போடாமலே பஞ்சாரம் அந்த வேலையைச் செஞ்சிருக்கு.

இந்த வாயுவுக்கு நிறம் இல்ல, மணம் இல்ல, கண்ணு எரியாது, இருமல் வராது. ரத்தத்துல ஆக்சிஜனைச் சுமக்குற ஹீமோகுளோபினை இது ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல இறுக்கமாப் பிடிச்சுக்கும். நல்ல காத்துக்கு வந்த பிறகும் பாதி விலக நாலஞ்சு மணி நேரம் ஆகும். சுத்த ஆக்சிஜன் குடுத்தா ஒன்றரை மணிக்குள்ள குறையும், அதுக்குத்தான் ஆஸ்பத்திரி. காத்துல ஆயிரத்துக்கு ஒன்றரைப் பங்கு இருந்தாலே இருபது நிமிசத்துல தலைவலியும் குமட்டலும் வந்துரும். ரெண்டு மணி நேரத்துக்குள்ள உயிரே போகலாம். அந்தக் காலத்துக் கார்புரேட்டர் வண்டிக்கு 1989 மோட்டார் வாகன விதிகள் வச்ச வரம்பே ஐடிலிங் புகையில 3 சதவீதம், அதாவது ஆயிரத்துக்கு முப்பது பங்கு. அது நல்லா டியூன் ஆன வண்டிக்கு. சோக்கை இழுத்துவிட்ட வண்டியில இன்னும் கூடும். சித்தப்பா டியூன் பண்ணிட்டிருந்ததே டியூன் ஆகாத எஞ்சினை. வீட்டு டியூனிங்ல இருக்குற பெரிய வினையே இதுதான்: எஞ்சின் மோசமா இருக்கும்போதுதான் அது பக்கத்துல நிப்போம், அப்பத்தான் அது அதிகமா விஷம் கக்கும்.

கரி பஸ்ஸை ஓட்டினதும் இதே வாயு, எங்க குஞ்சைக் கொன்னதும் இதே வாயு. எஞ்சினுக்குள்ள எரிஞ்சா சவாரி, எரியாம வெளியே வந்தா சாவு.

இன்னொரு விஷத்தை அப்ப நாங்க விஷம்னே நினைக்கல. பெட்ரோல்ல ஈயம் கலந்திருந்தாங்க. 1921-ல அமெரிக்காவுல தாமஸ் மிட்ஜ்லி கண்டுபிடிச்சது. எஞ்சின் தட்டாம இருக்க அது உதவும். டேங்க்குலேருந்து பெட்ரோல் எடுக்க டியூபை வாயில வச்சு உறிஞ்சுவோம், ஒரு வாய் உள்ளே போனா துப்பிட்டுச் சிரிப்போம். பாகங்களைச் சிரட்டையில பெட்ரோல் ஊத்திக் கழுவுவோம், பத்தடி தள்ளி அடுப்பு எரியும். எத்தனை வீட்டுல எத்தனை பேரு இதுல தப்பிச்சாங்கங்கிறதை அதிர்ஷ்டம்னுதான் சொல்லணும்.

இந்தக் காலம் எப்படி முடிஞ்சுது? 1983 டிசம்பர் 14-ல மாருதி 800 வந்துச்சு. மூணு சிலிண்டர், 796 சி.சி. அதுவும் முதல்ல கார்புரேட்டர் வண்டிதான். மெதுவா எலெக்ட்ரானிக் இக்னிஷன் வந்து சி.பி. பாயிண்ட் போச்சு. 1995 ஏப்ரல்ல நாலு பெரிய நகரங்கள்ல புதுக் கார்களுக்குக் கேடலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயம் ஆச்சு. ஈயம் பட்டா அது கெட்டுப்போகும். 2000 பிப்ரவரியில நாடு முழுக்க ஈயம் இல்லாத பெட்ரோல் வந்தது. கன்வெர்ட்டர் ஒழுங்கா வேலை செய்ய ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காத்துங்கிற கணக்கு பிசகக் கூடாது. காதால கேட்டு ஸ்குரு திருப்புற மனுசனால அது முடியாது. அந்த வேலையைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கிச்சு. புகைக்குழாய்ல ஒரு சென்சார் மோந்து பார்த்துச் சொல்ல, நொடிக்குப் பல தடவை அது திருத்திட்டே இருக்கு. சித்தப்பா ஞாயித்துக்கிழமை செஞ்சதை அது ஓடும்போதே செய்யுது.

இப்ப பட்டணத்துப் பையங்க அந்தக் கம்ப்யூட்டர் கணக்கையே மாத்தி "ரீமேப்" பண்றாங்க, வண்டி பறக்குதுன்னு. என் அபிப்பிராயம், வேண்டாம். வண்டியோட அடிப்படை அமைப்பை மாத்தக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு சொல்லுது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாச் சொல்லியிருக்கு. இன்சூரன்சுக்காரன் கைவிரிப்பான். அதை விட, தப்பா டியூன் பண்ணினா முன்னால 'டிக் டிக்'னு எஞ்சின் சொல்லிக் காட்டும். இப்ப உள்ளே உருகுற வரைக்கும் உங்களுக்குத் தெரியாது.

ஆனா பானெட்டைத் திறக்கவே பயப்படணும்னு இல்ல. ஏர் ஃபில்டர், பிளக், ஆயில், கூலன்ட், பேட்டரி முனை, டயர் காத்து, இதெல்லாம் இன்னைக்கும் வீட்டு வேலைதான். சில விசயம் மட்டும் மனசுல இருக்கணும். ஓடுற எஞ்சின் மேலே வானம் தெரியணும். கதவைத் திறந்து வச்ச ஷெட்டும் போதாது. ஜாக்கி மேல நிக்கிற வண்டிக்குக் கீழே போகாதீங்க, ஸ்டாண்டு வைங்க, செங்கல் நொறுங்கும். புது வண்டியில ஃபேன் தனி மோட்டார், எஞ்சின் நின்ன பிறகும் சுத்தும். சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீங்க. பேட்டரியில முதல்ல நெகட்டிவைக் கழட்டுங்க, பக்கத்துல நெருப்பு வேண்டாம், அது ஹைட்ரஜன் விடும். என்னை மாதிரி விவசாயிங்க வாசிச்சா அவங்களுக்கு ஒண்ணு: எஞ்சின் பம்பைக் கிணத்துக்குள்ள இறக்கி ஓட்டாதீங்க. கிணறும் கதவு சாத்தின ஷெட்டும் ஒண்ணுதான். உள்ளே ஒருத்தர் விழுந்தா அவரைத் தூக்கப் போறவரும் விழுவாரு.

சரி, அக்கா மகன் வண்டிக்கு வருவோம். அவன்கிட்ட கைக்கடக்கமா ஒரு ஸ்கேனர் இருந்துச்சு. ஸ்டியரிங்குக்குக் கீழே மாட்டி ஃபோனைப் பார்த்தான். மூணாம் நம்பர் சிலிண்டர்ல பொறி சரியா விழலன்னு வந்துச்சு. முத்தத்துல நிறுத்தி, எஞ்சின் ஆறின பிறகு பிளாஸ்டிக் மூடியைக் கழட்டி, மூணாவது பிளக்கை வெளியே எடுத்தோம். கறுத்துப் போய் ஈரமா இருந்துச்சு. நாகர்கோவில்ல போய் நாலு பிளக் வாங்கிட்டு வந்து மாட்டினோம். நாப்பது வருசத்துக்குப் பிறகும் என் வாய் தானா "ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு"ன்னு சொல்லிச்சு. அவன் சிரிச்சான்.

ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கப் போற நேரம் தூறல் விழுந்துச்சு. "மாமா, ஷெட்டுக்குள்ள விட்டு ஓடவிட்டுப் பார்ப்போமா? இது பி.எஸ். சிக்ஸ் வண்டி, புகையே வராது"ன்னான். புகை வராதுங்கிறதுதான்டே பயம்னேன். கன்வெர்ட்டர் சூடாகுற வரைக்கும் அது வேலை செய்யாது, பொறி விழாத சிலிண்டர் இருந்தா இன்னும் மோசம். நனைஞ்சா துடைச்சுக்கலாம்னு முத்தத்துலயே ஓடவிட்டோம். குலுக்கம் போச்சு, மஞ்சள் விளக்கும் அணைஞ்சுது.

அவன் அப்புறமா ஷெட்டைச் சுத்திப் பார்த்துட்டு, "இதுக்கு ஏன் மாமா கதவே இல்ல?"ன்னு கேட்டான். நிலையில கீல் மட்டும் துருப்பிடிச்சு நிக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூணாம் நாள் சித்தப்பா செஞ்ச முதல் வேலை, ரெண்டு கதவையும் கழட்டினதுதான். அதை வச்சுக் கோழிக்கூடு அடிச்சாரு. சித்தப்பா போய்ப் பதினோரு வருசம் ஆச்சு. மாடும் இல்ல, அம்பாசடரும் இல்ல. மழைக்குச் சாரல் அடிக்கத்தான் செய்யுது. ஆனா அந்த ஷெட்டுக்குக் கதவு போட எங்க வீட்டுல யாருக்கும் இன்னும் மனசு வரல.